'தோல்வி' என்று மட்டும் சொல்லாதீர்கள்: கிளஸ்டர் கருவிகளை எழுதும் பிளாட்ஃபார்ம் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிளாட்ஃபார்ம் குழுவினருக்கு வணக்கம்.

பல கணினிகளை ஒரே தொகுதியாக (கிளஸ்டராக) இணைத்து நிரல்களை ஓட்டும் குபர்நெட்டீஸ் மென்பொருள் 2014 ஜூனில் வெளிவந்தது, 2015 ஜூலையில் 1.0 பதிப்பை எட்டியது. இன்று கிளவுட் கிளஸ்டர் வைத்திருக்கும் நிறுவனங்களில் பலரும் அதன் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லை அப்படியே விட்டுவைப்பதில்லை. அதன் மேல் ஒரு சொந்தக் கருவியைக் கட்டிவிடுகிறார்கள். புதிய பதிப்பை டிப்ளாய் செய்ய (ஏற்ற) ஒரு கட்டளை, நோட்டை (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினியை) காலி செய்ய ஒரு கட்டளை, கிளஸ்டரையே எழுப்பவும் அழிக்கவும் ஒரு கட்டளை. அந்தக் கருவியை எழுதுபவர்கள் நீங்கள். இரவு 2 மணிக்கு பேஜர் அடித்து எழுந்து அதை ஓட்டுபவர்கள் நாங்கள். கருவியின் வேகத்தைப் பற்றியோ வசதிகளைப் பற்றியோ இங்கே பேசப் போவதில்லை. அது திரையில் எழுதும் சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். கட்டளை வெற்றி பெற்றாலும், தோற்றாலும், பாதியில் நின்றாலும், கிளஸ்டர் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் செய்தி சொல்லியாக வேண்டும். உங்கள் நிரலுக்குள் எந்த ஃபங்ஷன் எதைத் திருப்பி அனுப்பியது என்பது எங்களுக்குத் தேவையில்லை. இன்று பெரும்பாலான கருவிகள் அதைத்தான் சொல்கின்றன.

ரோல்அவுட்டையே, அதாவது புதிய பதிப்பை ஏற்றுவதையே பாருங்கள். 8 பாட்கள் (ஓடும் நிரலின் பிரதிகள்) கொண்ட ஒரு டிப்ளாய்மென்ட், புதிய இமேஜின் (நிரல் பொதியின்) டேக்கில் (பதிப்புக் குறியில்) ஓர் எழுத்து பிசகிவிட்டது. 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' கட்டளை காத்துக்கொண்டே இருக்கும். இயல்பு அமைப்பில் 600 வினாடி ஆனதும், டிப்ளாய்மென்ட் தன் முன்னேற்றக் கெடுவைத் தாண்டிவிட்டது என்று ஒரே வரி எழுதிவிட்டு, எக்சிட் கோட் 1 (தோல்விக் குறி) உடன் வெளியேறும். உங்கள் கருவி அதை வாங்கி 'டிப்ளாய் தோல்வி' என்று சிவப்பில் போடும். சேவை ஓடுகிறதா, விழுந்துவிட்டதா? படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான், அந்த வரியில் இதற்குப் பதில் இல்லை.

கிளஸ்டரிடம் பதில் இருக்கிறது. மேக்ஸ்-சர்ஜ் (எத்தனை பாட் கூடலாம்), மேக்ஸ்-அன்அவெய்லபிள் (எத்தனை பாட் குறையலாம்) இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 25 விழுக்காடு. 8-க்கு அது 2. ஆக, மொத்தப் பாட்கள் 10-ஐத் தாண்டாது, தயாராக இருப்பவை 6-க்குக் கீழே போகாது. பழைய பதிப்பின் 6 பாட்கள் டிராஃபிக்கை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. புதிய பதிப்பின் 4 பாட்கள் இமேஜ் கிடைக்காமல் நிற்கின்றன. சேவை விழவில்லை, கொள்ளளவில் கால் பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் டிப்ளாய்மென்ட் கன்ட்ரோலர் தானாகப் பழைய பதிப்புக்குத் திரும்பாது. கெடு தாண்டியதைக் குறித்து வைப்பதோடு அது நின்றுகொள்ளும், ஒருவர் கையால் 'ரோல்அவுட் அன்டூ' கொடுக்க வேண்டும். இது தெரியாத புதியவர், கருவியே பின்வாங்கியிருக்கும் என்று நம்பித் தூங்கப் போய்விடுவார். காலையில் டிராஃபிக் ஏறும்போது அந்தக் கால் பங்கு தேவைப்படும்.

எங்களுக்கு வேண்டிய செய்தி இப்படி இருக்கும் (நேம்ஸ்பேஸ் என்பது கிளஸ்டருக்குள் ஒரு பிரிவு, ரெஜிஸ்ட்ரி என்பது இமேஜ்களின் கிடங்கு):

"பேமென்ட்ஸ் (கிளஸ்டர்: புரொட்-மும்பை, நேம்ஸ்பேஸ்: பில்லிங்): புதிய பதிப்பு 10 நிமிடத்தில் எழவில்லை. பழைய பதிப்பின் 6 பாட்கள் டிராஃபிக்கை ஏற்கின்றன. புதிய பதிப்பின் 4 பாட்கள் நிற்கின்றன. காரணம்: இமேஜை இழுக்க முடியவில்லை, டேக் 2.14.l ரெஜிஸ்ட்ரியில் இல்லை. தானாகப் பின்வாங்காது. பின்வாங்க: கியூப்சிடிஎல் ரோல்அவுட் அன்டூ டிப்ளாய்மென்ட்/பேமென்ட்ஸ் -என் பில்லிங்."

இந்த எண்களுக்காக நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். பாட் எண்ணிக்கைகள் டிப்ளாய்மென்ட், ரெப்ளிகாசெட் (ஒரு பதிப்பின் பாட் தொகுதி) ஆகியவற்றின் ஸ்டேட்டஸ் பகுதியில் இருக்கின்றன. இமேஜ் காரணம் பாட்டின் கன்டெய்னர் ஸ்டேட்டஸில் இருக்கிறது. சில ஏபிஐ அழைப்புகள் போதும்.

நோட்டைக் காலி செய்யும் 'டிரெயின்' இதைவிடச் சிக்கல். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில் நோட்டை கார்டன் செய்கிறது, அதாவது புதிய பாட் எதுவும் அங்கே வராதபடி பூட்டுகிறது. பிறகு இருக்கும் பாட்களை வெளியேற்றுகிறது. இரண்டாவது வேலை தோற்றால் முதலாவது கலைவதில்லை, நோட் பூட்டியே கிடக்கிறது. உங்கள் கருவி 'டிரெயின் தோல்வி' என்றதும் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். சில நாள் கழித்து வேறொரு குழுவின் பாட் இடம் கிடைக்காமல் பென்டிங்கில் நிற்கிறது. 5 நோட்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, 4-இல் சிபியு போதவில்லை, 1 பூட்டப்பட்டிருக்கிறது என்று, பாட்டுக்கு நோட் தேடும் ஸ்கெட்யூலர் எழுதுகிறது. ஸ்கெட்யூலரின் இந்தச் செய்தி உண்மையில் அருமையானது: எத்தனை நோட்டைப் பார்த்தது, ஒவ்வொன்றையும் ஏன் தள்ளியது என்று கணக்குக் கொடுக்கிறது. அந்தப் பூட்டு எப்போது, யாரால், எதற்காக விழுந்தது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. டிரெயின் தோற்ற அந்த நொடியில் உங்கள் கருவிக்கு அது தெரிந்திருந்தது. 'நோட் இன்னும் பூட்டப்பட்டே இருக்கிறது, திறக்க அன்கார்டன் கொடுக்கவும்' என்ற ஒரே வரியை அப்போதே எழுதியிருந்தால் போதும்.

டிரெயின் முடிவே இல்லாமல் சுற்றுவதும் உண்டு. 2 பாட் கொண்ட சேவைக்கு, குறைந்தது 2 பாட் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒருவர் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் எழுதியிருப்பார். அந்தப் பாட்டை வெளியேற்ற வழியே இல்லை. பட்ஜெட்டை மீறும், 5 வினாடி கழித்து மறுபடி முயல்கிறேன் என்று கியூப்சிடிஎல் எழுதும், முயலும், மறுபடி அதையே எழுதும். டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 0, அதாவது எல்லையில்லை. பட்ஜெட்டின் ஸ்டேட்டஸில் 'இப்போது அனுமதிக்கக்கூடிய இடையூறு' என்ற எண் இருக்கிறது. பட்ஜெட் கேட்கும் பாட் எண்ணிக்கையும் சேவையின் பாட் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து, அந்த எண்ணும் 0 ஆக நின்றால், எத்தனை முறை முயன்றாலும் அது மாறாது. முதல் சுற்றிலேயே 'இது காத்திருந்தால் தீராது, பட்ஜெட்டின் பெயர் இது, நேம்ஸ்பேஸ் இது, முதலில் பாட்களை 3 ஆக்குங்கள்' என்று சொல்லிவிடுங்கள். ஒரே வரியை 400 முறை அச்சிட்டுப் பயனில்லை. உண்மையான காரணம் திரையின் மேலே ஏறிக் காணாமல் போய்விடுகிறது.

டிரெயின் செய்தியில் கற்றுக்கொள்ள ஒரு நல்லதும் இருக்கிறது. பாட்டோடு அழியும் தற்காலிக இடமான எம்ப்டிடிர் வால்யூமில் தரவு வைத்திருக்கும் பாட் இருந்தால் டிரெயின் மறுத்து, எந்த ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) கொடுத்தால் தொடரும் என்று சொல்கிறது. அந்த ஃபிளாக்கின் பழைய பெயர் 'டிலீட்-லோக்கல்-டேட்டா'. 1.20 பதிப்பில் 'டிலீட்-எம்ப்டிடிர்-டேட்டா' என்று மாற்றினார்கள். எந்த வால்யூம் அழியும் என்பது இப்போது பெயரிலேயே தெரிகிறது. உங்கள் கருவி மறுக்கும்போது ஃபிளாக்கை மட்டும் நீட்டாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அதைக் காப்பி செய்து ஒட்டத்தான் செய்வார். அந்த ஃபிளாக் எதை இழக்க வைக்கும் என்பதையும் அதே வரியில், பாட்டின் பெயரோடு எழுதுங்கள்.

அழிப்புக்கு வருவோம். கியூப்சிடிஎல் 'டிலீட்' கொடுத்தால் 'டிலீட்டட்' என்று உடனே அச்சாகிவிடும். கட்டளை மட்டும் திரும்பி வராமல் நிற்கும். கோரிக்கையைச் சர்வர் ஏற்றுக்கொண்டது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பொருள் உண்மையில் மறைய ஃபைனலைசர்கள் (அழியும் முன் முடிய வேண்டிய வேலைகளின் குறிகள்) எல்லாம் விலக வேண்டும், கியூப்சிடிஎல் அதற்காகத்தான் காத்திருக்கிறது. இது தெரியாமல், தொங்கிவிட்டது என்று நினைத்து கண்ட்ரோல்-சி அடிக்கிறார்கள். அழிப்பு நின்றுவிட்டது என்றும் நம்புகிறார்கள். அழிப்பு நிற்பதில்லை, காத்திருப்புதான் நிற்கிறது. உங்கள் கருவி அந்த இன்டரப்ட்டைப் பிடித்து, 'நீங்கள் காத்திருப்பதை நிறுத்தினீர்கள், அழிப்பு கிளஸ்டரில் தொடர்கிறது, இதைத் திரும்பப் பெற முடியாது' என்று எழுதிவிட்டுத்தான் வெளியேற வேண்டும்.

நேம்ஸ்பேஸ் டெர்மினேட்டிங்கில் (அழிந்துகொண்டிருக்கும் நிலையில்) சிக்கிக்கொள்வது இதன் கொடிய வடிவம். பலரும் இணையத்தில் தேடி, ஃபைனலைசர் பட்டியலைக் காலியாக்கும் வைத்தியத்தைக் கண்டுபிடித்துச் செய்துவிடுகிறார்கள். நேம்ஸ்பேஸ் மறைந்துவிடும். ஆனால் அந்த ஃபைனலைசர் காவல் காத்துக்கொண்டிருந்த லோட் பேலன்சரோ டிஸ்க்கோ கிளவுட்டில் அநாதையாக நின்று மாதாமாதம் பில் போட்டுக்கொண்டிருக்கும். உண்மையான காரணம் பெரும்பாலும் நேம்ஸ்பேஸின் ஸ்டேட்டஸ் கண்டிஷன்களிலேயே எழுதியிருக்கும்: எந்த வகைப் பொருள் இன்னும் மிச்சம், எந்த ஃபைனலைசர் இன்னும் விலகவில்லை, எந்த ஏபிஐ குரூப்பை விசாரிக்க முடியவில்லை என்று. கடைசிக் காரணம் அடிக்கடி வருவது. மெட்ரிக்ஸ் சர்வர் போன்ற ஓர் இணைப்பு ஏபிஐ விழுந்து கிடந்தால், அதற்குக் கீழே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கன்ட்ரோலரால் உறுதிசெய்ய முடியாது, அதனால் எந்த நேம்ஸ்பேஸும் மறையாது. அந்தக் கண்டிஷன்களை எடுத்து உங்கள் செய்தியில் வையுங்கள். 'டெர்மினேட்டிங்' என்ற ஒற்றைச் சொல்தான் ஆட்களைத் தவறான வைத்தியத்துக்கு அனுப்புகிறது.

எந்த இடத்தில் என்ற கேள்வியைச் செய்தி மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவில் பதிவான சான்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவு 4.5 ஜிபி ஆகிவிட்டது. அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த தீர்வுகளில் ஒன்று, எந்தச் சர்வர், எந்தச் சூழல் என்று பளிச்செனத் தெரியும்படி எல்லா இயந்திரங்களிலும் ஷெல் பிராம்ப்ட்டை மாற்றுவது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டிருந்தன, ஆனால் டிமார்க் எனும் மின்னஞ்சல் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வரவில்லை. செய்தி எழுதியாயிற்று என்று நீங்கள் நினைக்கும் இடத்தில், அது போய்ச் சேர்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குபர்நெட்டீஸில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. எந்தக் கிளஸ்டர் என்பதைத் தீர்மானிக்கும் கான்டெக்ஸ்ட், வீட்டு அடைவில் உள்ள கியூப்கான்ஃபிக் எனும் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதப்படுகிறது. ஒரு டெர்மினலில் கான்டெக்ஸ்டை மாற்றினால், பக்கத்து டெர்மினலிலும் சத்தமில்லாமல் மாறிவிடும். ஸ்டேஜிங் (சோதனைச் சூழல்) என்று நினைத்துத் திறந்து வைத்திருந்த ஜன்னல் இப்போது புரொடக்‌ஷனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே எதையாவது மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் முதல் வரியில் கிளஸ்டரின் பெயரைச் சொல்லட்டும். முடிந்தால் டெர்மினலுக்கு ஒரு கியூப்கான்ஃபிக் கோப்பாகப் பிரித்துக் கொடுங்கள்.

உறுதி கேட்பதிலும் கவனம் வேண்டும். 'இதைச் செய்ய விரும்புகிறீர்களா, ஆம்/இல்லை' என்ற கேள்விக்கு விரல் தானாக 'ஆம்' அடித்துவிடும். என்டர் தட்டினாலே 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும் அழிப்புக் கேள்விகளும் இருக்கின்றன. அது கூடவே கூடாது. கிளவுட் வளங்களை எழுப்பும் டெராஃபார்ம் கருவியின் டெஸ்ட்ராய் கட்டளை இதில் நல்ல முன்மாதிரி. அழியப் போகும் பட்டியலை முதலில் காட்டுகிறது, இதைத் திரும்பப் பெற முடியாது என்கிறது, 'எஸ்' என்ற முழுச் சொல்லைத் தட்டச்சு செய்தால் மட்டுமே நகர்கிறது. நாங்கள் இன்னும் ஒரு படி கேட்கிறோம்: அழிக்கப் போகும் கிளஸ்டரின் பெயரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பெயரை அடிக்கும் நேரத்தில்தான் கண் அதைப் படிக்கிறது.

எண்ணிக்கையும் கேள்வியில் இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் வெப் சர்வீசஸின் வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில் எஸ்3 சேமிப்புச் சேவை மணிக்கணக்கில் முடங்கியது. பில்லிங் தொடர்பான ஒரு சிக்கலை ஆராய்ந்தவர், சில சர்வர்களை மட்டும் நீக்கும் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகக் கொடுத்துவிட்டார். நினைத்ததைவிடப் பெரிய கூட்டமே நீக்கப்பட்டது. கட்டளை அங்கீகரிக்கப்பட்டது, கொடுத்தவர் உரிமை உள்ளவர், நடைமுறைக் கையேட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார். அதன்பின் கருவியை மாற்றினார்கள்: நீக்குவதை மெதுவாகச் செய்யும், ஒரு துணை அமைப்பு தனக்குத் தேவையான குறைந்தபட்சக் கொள்ளளவுக்குக் கீழே போகுமானால் மறுக்கும். உங்கள் கருவியில் இதை இன்றே செய்யலாம். 'நீங்கள் கொடுத்த லேபிளுக்கு 212 நோட்கள் பொருந்துகின்றன, கிளஸ்டரில் மொத்தம் 240' என்று வந்தால் யார் கையும் ஒரு கணம் நிற்கும்.

இணைப்புப் பிழைகளை எடுத்தால், குபர்நெட்டீஸ் கற்கும் ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் சர்வர் இணைப்பை மறுத்துவிட்டது, ஹோஸ்ட்டும் போர்ட்டும் சரிதானா என்று கேட்கும். பார்ப்பவர் ஃபயர்வாலைக் கிளறுகிறார், சர்வர் விழுந்துவிட்டதா என்று தேடுகிறார். பெரும்பாலும் இரண்டும் இல்லை. கியூப்கான்ஃபிக் கிடைக்கவில்லை, அல்லது அதில் நடப்பு கான்டெக்ஸ்ட் இல்லை. அதனால் கியூப்சிடிஎல் தன் பழைய இயல்பு முகவரியான லோக்கல்ஹோஸ்டுக்குப் போய்விட்டது. முன்னால் சூடோ (ரூட் பயனராக ஓட்டும் கட்டளை) போட்டிருப்பார்கள், ரூட் பயனரின் வீட்டில் அந்தக் கோப்பு இருக்காது. அல்லது கோப்பின் பாதை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் மட்டும் இருக்கும், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. உங்கள் கருவி கியூப்சிடிஎல்லை அழைப்பதற்கு முன்பே கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, 'எந்த யூசராக ஓடுகிறேன், எந்தப் பாதையில் தேடினேன், அங்கே இல்லை' என்று சொல்லிவிட்டால் இந்தத் தேடல் முழுவதும் மிச்சம்.

புதிய பதிப்புகளில் இதற்கு முன்னால் நான்கைந்து வரிகள் வேறு கொட்டுகின்றன. ஒவ்வொன்றும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து, மாதமும் நாளும் சேர்ந்த 4 இலக்கம், மைக்ரோ வினாடி வரை நேரம், பிராசஸ் எண், 'மெம்கேஷ்.கோ:265' என்று தொடங்கும். கோ மொழிக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் அவை. கியூப்சிடிஎல்லைப் பராமரிப்பவருக்கு அவை தேவை. கட்டளை கொடுத்தவருக்கு அவற்றால் பயனில்லை. அதே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது, படிக்க வேண்டிய வரி கடைசியில் கிடக்கிறது. உங்கள் கருவியில் இத்தகைய உள்விவரங்களை லாக் கோப்புக்கு அனுப்புங்கள், கோப்பின் பாதையை மட்டும் திரையில் சொல்லுங்கள்.

சர்டிஃபிகேட் பிழைகளில் வெட்டாமல் காட்டுவதே பாதி உதவி. கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்அட்மின் எழுப்பும் கிளஸ்டரில், இயல்பாக, சர்டிஃபிகேட்டுகளுக்கு ஆயுள் 1 ஆண்டு, அவற்றுக்குக் கையெழுத்திடும் மூலச் சான்றுக்கு 10 ஆண்டு. கிளஸ்டரை மேம்படுத்தும்போது அவை தானாகப் புதுப்பிக்கப்படும். ஓராண்டாக மேம்படுத்தாமல் விட்ட கிளஸ்டரில் ஒருநாள் காலை எல்லாம் நின்றுவிடும். வரும் எக்ஸ்.509 (சர்டிஃபிகேட் வடிவத்தின் பெயர்) செய்தி, 'காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்று இரண்டு எதிரெதிர்க் காரணங்களைச் சேர்த்துச் சொல்லும். அதன் பிற்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது: இப்போதைய நேரம் இது, அது இந்தத் தேதிக்குப் பிந்தையது என்று. லேப்டாப்பின் கடிகாரம் தவறியிருந்தால்கூட அந்த வரியிலேயே பிடிபட்டுவிடும். அழகாக இருக்கட்டும் என்று முதல் பாதியோடு வெட்டும் கருவிகள் அந்தத் தேதியைத்தான் தூக்கி எறிகின்றன.

இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. சர்வர் பக்கம் புதுப்பித்து, கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் பாட்களையும் மறுபடி எழுப்பியதும் எக்ஸ்.509 பிழை போய்விடும். உடனே வேறொன்று வரும்: சர்வரில் லாகின் செய்திருக்க வேண்டும், அன்ஆத்தரைஸ்டு. பாஸ்வேர்டு கேட்கிறதோ என்று குழம்புகிறார்கள். உங்கள் கியூப்கான்ஃபிக்குக்குள் இருக்கும் கிளையன்ட் சர்டிஃபிகேட்டும் அதே நாளில் பிறந்தது, அதுவும் அன்றே செத்துவிட்டது. புதிய அட்மின் கோப்பை வீட்டு அடைவுக்கு நகலெடுத்தால் தீரும். இந்தப் பிழையின் எண்ணான 401 வந்ததும் கருவி அந்தச் சர்டிஃபிகேட்டின் தேதியைப் படித்துப் பார்ப்பது சில வரி நிரல்தான். அதையும் செய்தியில் சேருங்கள்.

அனுமதி மறுப்பான 403-இல் குபர்நெட்டீஸ் சரியாக நடந்துகொள்கிறது: எந்தப் பயனர், எந்தச் செயல், எந்த வகைப் பொருள், எந்த ஏபிஐ குரூப், எந்த நேம்ஸ்பேஸ் என்று ஐந்தையும் ஒரே வரியில் தருகிறது. ஆர்பேக் (யாருக்கு எந்த அனுமதி என்ற) விதியை எழுதுபவருக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. தயவுசெய்து அதை 'அனுமதி இல்லை, அட்மினை அணுகவும்' என்று மாற்றி எழுதாதீர்கள். அந்த அட்மினும் நாங்கள்தான், அந்த ஐந்தும் எங்களுக்கு வேண்டும்.

வெறுமையும் ஒரு செய்திதான். இல்லாத நேம்ஸ்பேஸின் பெயரைக் கொடுத்துப் பாட்களைப் பட்டியலிடச் சொன்னால், அப்படி ஒரு நேம்ஸ்பேஸே இல்லை என்று வராது. அந்த நேம்ஸ்பேஸில் எதுவும் இல்லை என்று வரும், எக்சிட் கோடும் 0. பெயரில் ஓர் எழுத்து தவறினால், பழைய ஜாப்கள் எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டன என்று ஒரு ஸ்கிரிப்ட் நிம்மதியாக முடிந்துவிடும். வெறும் பட்டியல் வந்தால், நேம்ஸ்பேஸ் உண்மையில் இருக்கிறதா என்று இன்னோர் அழைப்பு விடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட்டுகளுக்காகச் சில வார்த்தைகள். மனிதருக்கான செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் போகட்டும், தரவு மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வரட்டும். டெர்மினலாக இல்லாத இடத்துக்கு வண்ணக் குறிகளை அனுப்ப வேண்டாம். எக்சிட் கோட்டின் பொருளை எழுதி வையுங்கள். கியூப்சிடிஎல் 'டிஃப்' வேறுபாடு இல்லையென்றால் 0, இருந்தால் 1, உண்மையான பிழையென்றால் 1-க்கு மேல் தருகிறது. 0 அல்லாத எல்லாவற்றையும் 'தோல்வி' என்று அச்சிடும் கருவி, வேறுபாடு இருப்பதையே பிழையாக்கிவிடுகிறது. சர்வர் திருப்பி அனுப்பும் பிழைப் பொருளில் எண்ணும் உரையும் தவிர 'ரீசன்' என்ற புலமும் உண்டு. 'ஏற்கனவே இருக்கிறது' என்பதற்கும் 'வேறொருவர் இடையில் மாற்றிவிட்டார்' என்பதற்கும் எண் ஒன்றுதான், 409. முதலாவதில் மறுபடி முயல்வது வீண், இரண்டாவதில் புதிதாகப் படித்து மறுபடி முயல்வதுதான் வழி. இந்தப் புலத்தை வைத்துப் பிரியுங்கள். உரையில் சொல் தேடிப் பிரித்தால் அடுத்த பதிப்பில் உடையும்.

காரணம் ஊகிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கன்டெய்னர் 137-இல் செத்தால் 'மெமரி போதவில்லை' என்று எழுதும் கருவிகள் உண்டு. 137 என்பது 128-உம் 9-உம், யாரோ சிக்-கில் (உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பினார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். மெமரி வரம்பு தாண்டியதால் இருக்கலாம். லைவ்னஸ் புரோப் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தோற்று, நிறுத்தச் சொல்லி, இயல்பான 30 வினாடி அவகாசத்திலும் நிற்காததால் கொல்லப்பட்டிருக்கலாம். பாட்டின் ஸ்டேட்டஸில் 'ஊம்கில்டு' என்று காரணம் பதிவாகியிருந்தால் மட்டும் மெமரி என்று சொல்லுங்கள். இல்லையென்றால் புரோப் தோல்விகளின் ஈவென்ட்டைக் காட்டுங்கள். ஈவென்ட்டுகளைப் பற்றி இன்னொன்று: ஏபிஐ சர்வர் அவற்றை இயல்பில் 1 மணி நேரம்தான் வைத்திருக்கும். வெள்ளி இரவு நடந்ததைத் திங்கள் காலை 'டிஸ்கிரைப்' செய்தால் அந்தப் பகுதி காலியாக இருக்கும். கட்டளை தோற்ற நேரத்திலேயே தொடர்புடைய ஈவென்ட்டுகளை எடுத்து லாக்கில் போட்டுவிடுங்கள்.

லாக்கில் எதைப் போடக்கூடாது என்பதும் உண்டு. விவர அளவை 8-க்கு உயர்த்தினால் எச்டிடிபி உள்ளடக்கம் காட்டப்படும், 9-இல் வெட்டாமலே காட்டப்படும். சீக்ரெட் பொருளை (கடவுச்சொல் போன்றவற்றை வைத்திருப்பது) படித்த கட்டளையாக இருந்தால் அதன் மதிப்பும் அங்கே வரும். பேஸ்64 என்பது வேறு எழுத்தில் எழுதுவதுதான், மறையாக்கம் அல்ல. 'விவரத்துடன் ஓட்டி வெளியீட்டை டிக்கெட்டில் ஒட்டவும்' என்று உங்கள் செய்தி சொல்லுமானால், சீக்ரெட்டை மறைத்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒவ்வொரு பிழைக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். ரஸ்ட் கம்பைலர் இப்படித்தான் செய்கிறது. பிழை எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் பக்கம் முழுக்கச் சொல்லும். உரையைத் திருத்தினாலும், வேறு மொழியில் காட்டினாலும் எண் மாறாது, ரன்புக்கில் (நடைமுறைக் கையேட்டில்) தேட முடியும். மொழிபெயர்ப்பைப் பற்றி யோசித்தால், துண்டுகளை ஒட்டி வாக்கியம் கட்டாதீர்கள். 'முடியவில்லை' என்ற துண்டும் பொருளின் பெயரும் தனித்தனியே வந்தால் தமிழிலோ ஜப்பானியத்திலோ அவற்றைச் சேர்க்க வழியில்லை. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக, பெயர்களுக்கு இடம் விட்டு வையுங்கள்.

கடைசியாக வேலை முறை. புல் ரிக்வெஸ்ட்டில் செய்தியின் உரையையும் ரிவியூ செய்யுங்கள், ஆன்-கால் பட்டியலில் இருக்கும் ஒருவர் அதைப் பார்க்கட்டும். டெஸ்ட்டில் வெற்றிப் பாதையோடு நில்லாமல், டோக்கன் காலாவதி, தவறான நேம்ஸ்பேஸ், பாதியில் நின்ற டிரெயின், கண்ட்ரோல்-சி ஆகிய நான்கையும் வலிந்து வரவழைத்து, திரையில் வரும் உரையை ஒரு கோப்போடு ஒப்பிடுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சென்ற காலாண்டின் இன்சிடென்ட் டிக்கெட்டுகளைத் திறங்கள். அவற்றில் ஒட்டப்பட்ட உங்கள் கருவியின் செய்திகளை எடுத்து, எதற்கு அடுத்தபடியாக 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று யாராவது கேட்டிருக்கிறார்களோ அதை முதலில் திருத்துங்கள். டிரெயின் தோற்றால் நோட் பூட்டியே இருக்கிறது என்று சொல்லும் அந்த ஒரு வரி மட்டுமாவது அடுத்த ரிலீசில் வர வேண்டும். அதன் உரையை எழுதித் தரவும், டெஸ்ட் கிளஸ்டரில் ஓட்டிப் பார்க்கவும் எங்களில் ஒருவர் உங்களோடு உட்காரத் தயார்.

இப்படிக்கு,
ஆன்-கால் பொறியாளர்கள்